கண்டம் லாரிக்கு இறப்புச் சான்றிதழ் யார் தருவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வாகனங்களை உடைக்கும் மையங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். பதினைந்து வருடம் தாண்டிய லாரி என்றாலே எடைக்குப் போடவேண்டிய இரும்பு என்ற தோரணையில் இருந்தது. எழுதியவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் எடைக்குப் போகிற ஒரு லாரியை (எங்கள் பக்கம் அதைத்தான் கண்டம் லாரி என்போம்) வைத்து இன்னொரு லாரியைப் பிழைக்க வைக்கலாம் என்று அதில் ஒரு வரி கூட இல்லை. அதைச் செய்து பார்த்தவள், செய்து மாட்டிக்கொண்டவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளவும்.

நான் அரசுப் பள்ளியில் 31 வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கணக்கு டீச்சருக்கு லாரி எதற்கு என்று காவேரிப்பட்டணத்தில் கேட்காத ஆள் இல்லை. லாரி அப்பாவுடையது. 1971-ஆம் வருடத்து அசோக் லேலண்ட் காமெட். அப்போது ஓசூரில் லேலண்ட் தொழிற்சாலை கிடையாது, அது 1980-இல்தான் வந்தது. அப்பா எண்ணூருக்குப் போய் வெறும் சேசிஸை (என்ஜினும் சக்கரமும் மாட்டிய அடிச்சட்டத்தை) எடுத்துக்கொண்டு, கேபின் கூட இல்லாமல், ஒரு பலகை மேல் உட்கார்ந்து, தலையிலும் முகத்திலும் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓட்டி வந்தார். வீட்டு வாசலில் இறங்கியபோது கண்ணைத் தவிர மற்ற இடமெல்லாம் செம்மண். அம்மா அடையாளம் தெரியாமல் "யாருங்க வேணும்?" என்று கேட்டதாக அவரே சொல்லிச் சிரிப்பார். பிறகு நாமக்கல்லில் பாடி கட்டினார்கள்.

அந்த வண்டி எங்கள் ஊர் மாங்காயையும் புளியையும் சுமந்தே என்னையும் தம்பியையும் படிக்க வைத்தது. 1998-இல் அப்பாவுக்குக் கண் பார்வை குறைந்ததும் மாந்தோப்புக் கொட்டகையில் நிறுத்தினார். ஓடவில்லை என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தோம். நின்றது நின்றதுதான். நான் ஓய்வு பெற்ற வருடம் தம்பி, "அக்கா, எடைக்குப் போட்டுடலாம், இடமாவது மிஞ்சும்" என்றான். போடவில்லை. பணிக்கொடையில் ஒரு பகுதியை எடுத்து வைத்துக்கொண்டு, அப்பாவின் வண்டிக்கு வேலை பார்த்த பட்டறை மேஸ்திரியின் மகனைத் தேடிப் போனேன். இப்போது அவர்தான் மேஸ்திரி.

முதல் வருடம் நான் செய்தது சுத்த முட்டாள்தனம். என்ன என்ன உடைந்திருக்கிறதோ அதையெல்லாம் ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாக வாங்க ஆரம்பித்தேன். சேலத்துக்கு ஒரு நாள், நாமக்கல்லுக்கு ஒரு நாள் என்று பஸ் ஏறினேன். ஸ்டீரிங் பாக்ஸ் ஒன்று 16,000 ரூபாய். கொண்டுவந்து பார்த்தால் தண்டில் இருக்கிற பல்லும் எங்கள் வண்டியின் டிராப் ஆர்ம் (ஸ்டீரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கை) பல்லும் சேரவில்லை. திருப்பி எடுக்கமாட்டேன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். டைனமோ வாங்கினேன், அதன் தாங்கி வேறு. வருடக் கடைசியில் நோட்டில் கூட்டிப் பார்த்தால் 62,000 ரூபாய் செலவாகியிருந்தது. வண்டி கொட்டகையை விட்டு ஓர் அடி நகரவில்லை.

மேஸ்திரி அப்போதுதான் வாயைத் திறந்தார். "டீச்சர், இப்படி ஒவ்வொன்னா வாங்கினா உங்க பென்ஷன் தாங்காதுங்க. கண்டம் வண்டியா ஒன்னு பாத்து முழுசா எடுத்துருங்க. வேணுங்கறத கழட்டிக்கிட்டு மிச்சத்த எடைக்குப் போட்டுடலாம்." இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க நோட்டெல்லாம் போட்டு வந்தீங்க, நான் என்னத்த சொல்ல" என்றார்.

சரி, கண்டம் வண்டி தேடக் கிளம்பினோம். பர்கூர்ப் பக்கம் ஒரு கிரானைட் குவாரியில் ஒரு காமெட் நின்றது. வெளியே பார்க்க நன்றாக இருந்தது. மேஸ்திரி குனிந்து இரண்டு பக்கச் சட்டத்தையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு, "எங்கியோ மோதி நிமித்தியிருக்காங்க, வேண்டாம்" என்றார். மோதின வண்டியில் முன் ஆக்ஸிலும் ஸ்டீரிங் சாமான்களும் என்ன அடி வாங்கியிருக்கும் என்று வெளியில் தெரியாது. அரூர்ப் பக்கம் பார்த்த இன்னொன்றில் ரேடியேட்டரே இல்லை. நிற்கிற லாரியில் முதலில் காணாமல் போவது பேட்டரி, அடுத்தது ரேடியேட்டர். அதில் செம்பும் பித்தளையும் இருக்கிறதல்லவா. ரேடியேட்டர் இருந்த இடம் காலியாக இருந்தால், அந்த வண்டியை எத்தனையோ பேர் ஏற்கெனவே பிரித்து மேய்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

மூன்றாவது வண்டி கம்பைநல்லூருக்குப் பக்கத்தில், ஒரு புளியமரத்தடியில் கிடைத்தது. 1980-ஆம் வருடத்து காமெட், தண்ணீர் லாரியாக ஓடி ஓய்ந்தது. 1,40,000 சொன்னார்கள், 1,15,000-க்குப் படிந்தது. கிரேன் வைத்து இழுத்து வந்த செலவு 9,500.

கழற்றிய கதையைச் சொல்லவேண்டும், ஏனென்றால் எனக்குப் புத்தி வந்தது அங்கேதான். ஒன்பது வருட இடைவெளியில் கம்பெனி எதை மாற்றியது, எதை மாற்றவில்லை என்பது கண்ணால் பார்த்துத் தெரிவதில்லை. ஓசூர்த் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பழைய பார்ட்ஸ் புத்தகம் ஒன்றைக் கொடுத்து உதவினார். வார்ப்பில் இருக்கும் எண்ணைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் படித்துப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தோம். எண் ஒன்றாக இருந்தால் எடு, இல்லாவிட்டால் வெர்னியர் வைத்து அள. கிளட்ச் ஹவுசிங், ஸ்டப் ஆக்ஸில், ஸ்பிரிங் தொட்டில்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம் போல இருந்தன. பிரேக் வேறு. எங்கள் வண்டி வேக்குவம் பிரேக், அது ஏர் பிரேக். ஆசைக்கு ஏர் பிரேக்கை மாற்றலாம்தான். ஆனால் கம்ப்ரஸரிலிருந்து ஏர் டேங்க் வரை முழுக் குடும்பத்தையும் குடியேற்றவேண்டும், அப்புறம் அது அப்பா ஓட்டிய வண்டியாக இருக்காது. விட்டுவிட்டோம்.

என்ஜின் விஷயத்தில் நான் சபலப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்களுடையது 370, கண்டம் வண்டியில் இருந்தது 400. அந்த எண்கள் கன அங்குலக் கணக்கு. 370 என்றால் ஏறக்குறைய 6 லிட்டர், 400 என்றால் ஆறரை லிட்டர். பெரிய என்ஜின் சும்மா கிடக்கிறதே, தூக்கி வைத்துவிடலாமே என்றேன். மேஸ்திரி கையைக் கழுவிக்கொண்டு வந்து எங்கள் ஆர்.சி. புத்தகத்தை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றை, எடுத்து விரித்தார். அதில் என்ஜின் எண் எழுதியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. எண் பொறித்திருக்கும் பிளாக்கை (என்ஜினின் உடலை) மாற்றினால் எண் மாறும், எண் மாறினால் அனுமதிக்கு அலையவேண்டும். "பிளாக்கும் சேசிஸும் உங்களதே இருக்கட்டும் டீச்சர். சுத்தி இருக்கறதெல்லாம் அதுலருந்து எடுத்துக்கலாம்." இதைவிடத் தெளிவாக எந்த வக்கீலும் எனக்குச் சொல்லியிருக்கமாட்டார். எங்கள் பிளாக்குக்குப் புது லைனர் போட்டோம். செல்ஃப் மோட்டார், ஃபேன், தண்ணீர் பம்ப், ரேடியேட்டர் எல்லாம் கண்டம் வண்டியின் உபயம். டீசல் பம்ப்பை மட்டும் அப்படியே மாட்டக்கூடாது. அது 400-க்கு ஊற்றிப் பழகிய பம்ப். டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி 370-க்கு அளவு வைத்து வாங்கினோம்.

ரப்பர், பிரேக் லைனிங், ஆயில் சீல், பேரிங் இவையெல்லாம் கண்டம் வண்டியில் எவ்வளவு புதுசாகத் தெரிந்தாலும் எடுக்கவே கூடாது. இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஸ்டீரிங் சாமான்களைச் சோதித்த விதத்தைச் சொன்னால் என் பழைய மாணவர்கள் சிரிப்பார்கள். கிங் பின், டிராப் ஆர்ம், டை ராடு எல்லாவற்றையும் இரவு முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப்போட்டோம். காலையில் எடுத்து நன்றாகத் துடைத்துக் காயவைத்து, சாக்பீஸ் தூளை மேலே பூசினோம். சாக்பீஸுக்கு என் வீட்டில் பஞ்சமா? அப்புறம் சுத்தியலால் லேசாகத் தட்டிவிட்டுக் காத்திருக்கவேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய மண்ணெண்ணெய் கசிந்து தூளை நனைக்கும். கண்டம் வண்டியின் டிராப் ஆர்ம் பார்ப்பதற்கு முழுசாக இருந்தது. கால் மணி நேரம் கழித்து அதன் கழுத்தில், தலைமுடி ஒன்று ஒட்டிக்கொண்டதைப்போல, ஈரக்கோடு ஒன்று ஓடியது. மேஸ்திரி விரலால் துடைத்தார். மறுபடி பூசினோம், மறுபடி அதே இடத்தில் அதே கோடு. தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் அது முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இருவருமே பேசவில்லை. அதை அன்றைக்கே எடைச் சாக்கில் போட்டார். நான் முதல் வருடம் தெண்டம் கட்டி வாங்கிய ஸ்டீரிங் பாக்ஸ் கண்டம் வண்டியின் டிராப் ஆர்முக்கு ஒத்துப்போயிருக்கும் என்பது வேறு கதை.

பின் ஆக்ஸிலில் கணக்கு டீச்சருக்கு வேலை வந்தது. எங்கள் பினியனில் (கிரௌன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும் சின்னப் பல்சக்கரத்தில்) இரண்டு பல் தெறித்திருந்தது. பினியனை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்தேன். கிரௌனும் பினியனும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை, இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்திருப்பார்கள், பிரித்தால் ஊளையிடும் என்று மேஸ்திரி சொல்ல, ஜோடியாகவே மாற்றினோம். எங்களதில் 6 பல்லுக்கு 37, கண்டம் வண்டியில் 6-க்கு 41. வகுத்துப் பார்த்தால் 6.17-க்குப் பதில் 6.83. அதனால் இப்போது ஸ்பீடாமீட்டர் 50 காட்டினால் வண்டி உண்மையில் 45-இல்தான் போகிறது. மேட்டில் முன்னைவிட நன்றாக இழுக்கிறது. என் வயசுக்கு 45 போதும்.

இனி வரவு செலவு. வண்டி 1,15,000, இழுத்த செலவு 9,500, உடைத்த கூலி 11,000, ஆக 1,35,500. தண்ணீர்த் தொட்டியை ஒரு விவசாயி 12,000-க்கு எடுத்துக்கொண்டார். மிச்சம் 2,350 கிலோ, கிலோ 29 ரூபாய்க்குப் போட்டதில் 68,150. கழித்தால் 55,350 ரூபாய்க்கு ஒரு லாரிக்கு வேண்டிய சாமான் அத்தனையும் கிடைத்தது. முதல் வருடம் தொலைத்த 62,000-ஐவிடக் குறைவு.

இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் இல்லை. ஒன்றரை வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பைநல்லூரில் வண்டி விற்றவரும் அவர் மாமியாரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அந்த அம்மா கையில் ஒரு நோட்டீஸ். காலாண்டு வரி பாக்கி. ஆர்.சி. இறந்துபோன அவருடைய கணவர் பெயரிலேயே இருந்திருக்கிறது. வாங்கும்போது நான் கேட்டேன், மருமகன், "உடைக்கப்போற வண்டிதானேங்க, அதெல்லாம் ஒன்னும் ஆகாது" என்றார். முப்பத்தொரு வருடம் பிள்ளைகளிடம் 'படிகளை எழுதாமல் விடையை எழுதாதே' என்று கத்தியவள், அந்த ஒரு படியை விட்டுவிட்டேன்.

அலுவலகத்துக்குப் போனோம். எந்த ஊர் அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. "வண்டியைக் கொண்டுவந்து காட்டுங்க" என்றார்கள். வண்டி எடைக்குப் போய், உருகி, இந்நேரம் கம்பியாகி யார் வீட்டுத் தளத்திலோ இருக்கும். அப்புறம் இறப்புச் சான்றிதழ் (மனிதருடையது), வாரிசுச் சான்றிதழ், உறுதிமொழிப் பத்திரம் ஒன்று, அதில் ஒரு வார்த்தை தப்பு என்று இன்னொன்று. எட்டு முறை போனேன். எழுபத்தைந்து வயசு அந்த அம்மா ஐந்து முறை என்னோடு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். கடைசியில் எங்களைக் காப்பாற்றியது ஓர் இரும்புத் துண்டு. உடைக்கிற அன்றைக்கு மேஸ்திரி, சேசிஸ் எண் பொறித்த இடத்தை மட்டும் ஒரு சாண் நீளத்துக்குக் கேஸ் வைத்து வெட்டி, "வச்சிருங்க, எதுக்காவது ஆகும்" என்று கொடுத்திருந்தார். நான் அதைப் பரண் மேல் தங்கள் நாளிதழிலேயே சுற்றி வைத்திருந்தேன். மேஜையில் 'டொங்' என்று வைத்தபிறகுதான் அந்த ஆர்.சி. ரத்தானது. பாக்கி வரியை நானும் அவர்களும் ஆளுக்குப் பாதியாகக் கட்டினோம்.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 55-ஆம் பிரிவு, வண்டி அழிந்துபோனாலோ, இனி ஓடவே ஓடாது என்றானாலோ, உரிமையாளர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது. இது 1988-ஆம் வருடத்துச் சட்டம், புதிது ஒன்றும் இல்லை. ஆனால் நம் பக்கத்தில் லாரி உடைக்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்தவர்களிலும் சிலர் வேண்டுமென்றே செய்வதில்லை. எடைக்கு எடுத்தவர் என்னிடம் மெதுவாக, "ஆர்.சி. புக்கும் நம்பர் பிளேட்டும் இருந்தா தனியா பத்தாயிரம் தரேன்" என்றார். அப்போது எனக்கு உறைக்கவில்லை. உருகப்போகிற லாரியின் புத்தகத்துக்கு எதற்குப் பத்தாயிரம்? திருட்டு லாரி ஒன்று அந்த எண்ணில் மறுபிறவி எடுப்பதற்குத்தான். கொடுத்திருந்தால் நோட்டீஸுக்குப் பதிலாகப் போலீஸ் வந்திருக்கும்.

ஆகையால் உதிரி பாகத்துக்காகக் கண்டம் லாரி வாங்குகிறவர்கள் ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன் புத்தகத்தைக் கையில் வாங்குங்கள். யார் பெயரில் இருக்கிறது, வரி பாக்கி உண்டா, கடன் கொடுத்த கம்பெனியின் பெயர் இன்னும் அதில் நிற்கிறதா என்று பாருங்கள். உரிமையாளரையே கூட்டிக்கொண்டு போய் ரத்துக்கு மனுக் கொடுக்கச் சொல்லி, பாதிப் பணத்தை அதுவரை கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

போக்குவரத்துத் துறைக்கு என் வேண்டுகோள் ஒன்றே. வாகன ஆய்வாளர் ஒருவர் பட்டறைக்கே வந்து, சேசிஸ் எண்ணை வெட்டி எடுத்துக்கொண்டு, அங்கேயே ரசீது தரட்டும். அதற்கு ஒரு கட்டணம் வைத்தாலும் தருகிறோம். இப்போது இருக்கிற நடைமுறையில் வண்டியை முழுசாக உடைப்பு மையத்தில் விட்டுவிடுவது சுலபமாக இருக்கிறது. சாமானை எடுத்துக்கொண்டு மிச்சத்தை முறையாக முடிக்க நினைப்பவர்கள்தான் அலைகிறார்கள்.

இன்னொன்று. 2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டிய வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டினால் 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனிப் பதிவெண், பத்து வருடத்துக்குச் செல்லும். என்ஜினிலும் சேசிஸிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் எடுத்துப்போகலாம், தினசரி ஓட்டத்துக்கோ தொழிலுக்கோ எடுக்கக்கூடாது. எல்லாம் எனக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது, மேற்கொண்டு படிக்கும் வரை. இருசக்கர வண்டிக்கும் பயணிகள் காருக்கும் மட்டும்தானாம். லாரிக்கு இல்லை. யாரோ ஒருவர் கல்யாணத்துக்கு ஊர்வலம் போன பழைய கார் பாரம்பரியம், இந்த மாவட்டத்தின் மாங்காயையும் புளியையும் சுமந்த லாரி பாரம்பரியம் இல்லையா? நான் இன்றைக்கும் ஒரு கூடை கூட ஏற்றாத வண்டிக்குச் சரக்கு வண்டி வரி கட்டுகிறேன், வருடா வருடம் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டுகிறேன். நம் பகுதி எம்.பி.க்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து டெல்லியில் ஒரு வார்த்தை கேட்கவும்.

போன ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பூசணிக்காய் உடைத்து, கே.ஆர்.பி. அணை வரை ஓட்டிப் போய் வந்தோம். மேஸ்திரி ஓட்டினார், நான் கிளீனர் இருக்கையில். தம்பியும் வந்திருந்தான், எடைக்குப் போடச் சொன்ன பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஒரே ஒரு குறை: ஸ்டீரிங் நடுவில் இருக்கவேண்டிய ஹாரன் பட்டன் எங்கள் வண்டியிலும் இல்லை, கண்டம் வண்டியிலும் இல்லை. இப்போதைக்கு ஒரு காலிங் பெல் சுவிட்சை ஒட்டவைத்திருக்கிறோம். எழுபதுகளின் காமெட்டுக்கு உரிய பட்டன் வாசகர்கள் யாரிடமாவது இருந்தால் தங்கள் அலுவலகம் மூலம் தெரிவித்தால் நன்றியுடன் வாங்கிக்கொள்கிறேன். சாக்பீஸ் தூள் பூசிப் பார்க்காமலே.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.